புக்ல வர்ற கெட்ட வார்த்தைய மட்டும் மறைக்க ஏதாச்சும் ஆப் இருக்கா?

கோத்தகிரி_கயல்:
வணக்கம். பையன் ஆறாங்கிளாஸ். மழைக்கு கலெக்டர் லீவு மேல லீவு விட்டதுல வீட்ல இருக்கிற புக்கு எல்லாத்தையும் படிச்சு முடிச்சிட்டு, மாமியார் அலமாரில இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து நாவல எடுத்துட்டான், அது பெரியவங்க படிக்கிற புக்கு. அதுல கங்காணி (தோட்டத்துல ஆளுங்கள வேல வாங்குறவன்) வாய தொறந்தாலே ஆத்தா அக்காவ இழுத்து வசவுதான். நேத்து சாப்பிடறப்ப அதுல ஒரு வார்த்தைய சத்தமா சொல்லி அர்த்தம் கேக்குறான், மாமியாருக்கு மொகமே மாறிடுச்சு (அவங்க சிலோன்ல இருந்து வந்தவங்க). மொபைல நோண்டாம புக்கு படிக்கிற புள்ளகிட்ட இருந்து புடுங்கவும் மனசு வரல. கெட்ட வார்த்தைய மட்டும் மறைச்சு காட்டுற ஆப் இருக்குன்னு தங்கச்சி சொன்னா. தமிழுக்கு இருக்கா? இல்ல நானே மார்க்கர் எடுத்து அடிச்சு விட்ரலாமா?

குன்னூர்_சரவணன்:
அக்கா, உங்க தங்கச்சி சொன்னது க்ளீன் ரீடர்ங்கிற ஆப்பா இருக்கும். 2015ல வந்தது, அமெரிக்காவுல இடாஹோல ஒரு புருசன் பொண்டாட்டி, அவங்க பொண்ணு படிச்ச புக்ல கெட்ட வார்த்தை இருந்துச்சுன்னு சங்கடப்பட்டதால கொண்டு வந்தாங்க. எவ்ளோ மறைக்கணும்னு மூணு லெவல் இருந்துச்சு, வார்த்தை இருக்கிற எடத்துல ஒரு புள்ளி வந்துச்சு, தொட்டா அதுக்கு பதிலா வேற சாதுவான வார்த்தை காட்டுச்சு. நாங்க புக்க மாத்தல, ஸ்கிரீன்லதான் மறைக்கிறோம்னு சொல்லி பாத்தாங்க, எழுத்தாளருங்க விடல. ஜோஆன் ஹாரிஸ்னு இங்கிலாந்து நாவலாசிரியர் முன்ன நின்னு எதிர்த்தாங்க, அந்த வருசம் மார்ச்லயே ஆப்ல புக்கு விக்கிறத நிறுத்திட்டாங்க.

தமிழ்ல யாராச்சும் பண்ணாலும் உருப்படியா வராதுக்கா, நான் சாஃப்ட்வேர்லதான் இருக்கேன். லிஸ்ட் போட்டு தேடுற ஃபில்டருக்கு யார் எதுக்கு சொல்றாங்கன்னு தெரியாது. 'பொறுக்கி'ய தடுத்தா 'சுள்ளி பொறுக்கி வந்தாள்'லயும் ஓட்டை விழும். 'மயிர்' லிஸ்ட்ல இருந்தா 969வது குறள் 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' மொத வார்த்தையிலயே காலி, அது மானத்த பத்தின குறள். இங்கிலீஷ்லயே 1996ல ஏஓஎல்ங்கிற இன்டர்நெட் கம்பெனி, இங்கிலாந்துல ஸ்கந்தார்ப்ங்கிற ஊர்க்காரங்கள அக்கவுண்ட் தொறக்க விடல, ஊர் பேரு எழுத்துக்கு நடுவுல ஒரு கெட்ட வார்த்தை மாட்டிக்கிச்சுன்னு.

கூடலூர்_பாண்டியன்:
தங்கச்சி, மார்க்கர மட்டும் எடுக்காதம்மா. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்து போட்ட ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து இங்க வந்த குடும்பம் எங்களுது, இங்க டேன்டீ (தமிழ்நாடு அரசு தேயிலைக் கழகம்) தோட்டத்துலதான் அம்மா வேல செஞ்சாங்க, சிலோன்ல லயத்துல, அதான் தோட்டத்து லைன் வீட்ல, இருந்தப்ப நடந்தத சொல்லி சொல்லித்தான் எங்கள வளத்தாங்க. எடை போடுற எடத்துல கூடைய எறக்குன ஒடனே கங்காணி உள்ள கைய விட்டு ஒரு அள்ளு அள்ளுவானாம், முத்தல் எல இருக்குன்னு அத தரையில கொட்டிட்டு அந்த பொம்பளையோட ஆத்தா, பாட்டி எல்லாரையும் இழுப்பானாம், பின்னாடி வரிசையில அவளோட புருசன் புள்ள எல்லாம் நின்னு கேட்டுட்டு இருப்பாங்க. அவ வாயே தொறக்காம குனிஞ்சு எலய பொறுக்கிட்டு இருப்பா, எதுத்து பேசுனா அன்னிக்கு கூலிக்கு பேர் போட மாட்டான். இப்ப இதுல வசவ மட்டும் அடிச்சிட்டு படிச்சு பாரு. எலை முத்தலா இருக்கும்மான்னு சொல்ற ஒரு நல்ல மனுசன்தான் மிச்சம் இருப்பான். மறைக்கிறதுனால காப்பாத்தப்படுறது ஒம் புள்ள இல்லம்மா, அந்த கங்காணி. ஒம் மாமியார் மொகம் ஏன் மாறிச்சுன்னு அவங்ககிட்டயே கேளு.

ஊட்டி_டீச்சர்:
பாண்டியன் அண்ணன் சொல்றது சரிதான், ஆனா எல்லா வயசுக்கும் அதே பதில் சொல்ல முடியாதுங்க. எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) பாலியல் நாட்டுப்புறக் கதைகள தொகுத்தப்ப 'வயது வந்தவர்களுக்கு மட்டும்'னு புக்குக்கு பேரே வச்சாரு. எனக்கு அந்த வழிதான் பிடிக்கும், வெளிய எச்சரிக்கை இருக்கட்டும், உள்ள கை வைக்க வேணாம். 1818ல பௌட்லர்னு ஒரு டாக்டர், குடும்பத்துல சத்தமா படிக்க முடியாதத எல்லாம் வெட்டிட்டு ஷேக்ஸ்பியர் நாடகங்கள போட்டாரு, புக்க வெட்டுறதுக்கே இங்கிலீஷ்ல அவர் பேருதான் இப்ப வினைச்சொல்.

எனக்கு நெஜமாவே பயம் வேற. இந்த மாதிரி லிஸ்ட் போட ஒக்காந்தா நம்மாளுங்களுக்கு ஒடம்பு சம்பந்தப்பட்ட வார்த்தைதான் மொதல்ல ஞாபகம் வரும், ஒரு ஜாதி பேர சொல்லி கேவலமா திட்டுறது அதுல வரவே வராது, ஏன்னா அது பல வீட்ல சாதாரண பேச்சு. க்ளாஸ்ல ஒடம்பு வார்த்தைய சொல்லி சண்டை போட்ட பசங்க மத்தியானம் ஒண்ணா டிபன் திங்கும். ஜாதிய சொல்லி திட்டு வாங்குன புள்ள மறுநாள் வராது. அதனால பையன்கிட்ட ஒடம்பு வார்த்தைக்கு ஒளிக்காம அர்த்தம் சொல்லுங்க, கூடவே கதையில இத யார் யார பாத்து சொல்றா, திருப்பி சொல்ல ஏன் முடியலன்னு அவனையே கேளுங்க. ஆறாங்கிளாஸ் புள்ளைக்கு அது நல்லாவே புரியும்.

கோத்தகிரி_கயல்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், மார்க்கர் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். பாண்டியன் அண்ணே, மாமியார்கிட்ட கேட்டேன், அவங்க அம்மாவ பெரட்டுக்களத்துல (காலையில பேர் கூப்பிட்டு வேல பிரிக்கிற எடம்) அந்த வார்த்தைய சொல்லித்தான் கூப்பிடுவாங்களாம், எங்க வீட்டுக்காரருக்கே இது இதுவரைக்கும் தெரியாது. பையன்கிட்ட அவங்களே பேசறேன்னு சொல்லிட்டாங்க. டீச்சர், சின்னவ மூணாங்கிளாஸ், அண்ணன் எத படிச்சாலும் தனக்கும் வேணும்பா, அவளுக்கு என்ன பண்ண?

ஊட்டி_டீச்சர்:
அவளுக்கு இப்ப வேண்டாம்மா. புக்க மேல் தட்டுல வைங்க, ஆனா அவ இல்லாதப்ப ஒளிச்சு வைக்காதீங்க, இது பெரியவங்க புக்கு, நீ வளந்தப்புறம் தரேன்னு அவகிட்டயே சொல்லிட்டு வைங்க. கேட்டா கதைய மட்டும் பாட்டி சொல்லட்டும், எத சொல்லணும் எத விடணும்னு அவங்களுக்கு தெரியும்.