வரப்பில் எலி வளை, ராத்திரியோடு தண்ணீர் வடிகிறது, என்ன செய்யலாம்?

மன்னார்குடி பக்கம் ஒன்றரை ஏக்கர், சம்பா நட்டு 40 நாள். முந்தாநாள் சாயந்திரம் தண்ணீர் கட்டிவிட்டு வந்தேன், விடிந்து போய்ப் பார்த்தால் முக்கால்வாசி கீழ்வயலுக்கு இறங்கியிருக்கிறது, வரப்பில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. சேற்றை அள்ளி அடைத்தேன், மறுநாள் இரண்டடி தள்ளி இன்னொன்று. வயல் நடுவில் தூர்களைச் சாய்வாக நறுக்கிப் போட்டிருக்கிறது, வெட்டின தண்டெல்லாம் தண்ணீரில் மிதக்கிறது, பார்க்கவே வயிறு எரிகிறது. தண்ணீர் நின்றால் எலி வராது என்றுதான் நினைத்திருந்தேன். விஷம் வைக்கலாமா? வீட்டு நாய் கூடவே வயலுக்கு வரும்.

பதில் 1
தம்பி, அது அகழான், வரப்பைக் குடைந்து வளை போடுகிற வயல் எலி. நன்றாக நீந்தும், தண்ணீர் அதற்குத் தடையே இல்லை. வளை வாயில் புது மண் குவிந்திருந்தால் உள்ளே எலி இருக்கிறது. மேலோடு அடைத்தால் நிற்காது, வளை போகிற வழியைக் கொத்தித் திறந்து, மண் போட்டு மிதித்துக் கெட்டியாக்குங்கள். உடனே கிட்டி (மூங்கிலில் செய்த எலிப்பொறி) வைக்கிற ஆளைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள். சாயந்திரம் வைத்து விடியக்காலை எடுப்பார்கள். ஆனால் உங்கள் வயலில் மட்டும் பிடித்தால் பக்கத்து வயலிலிருந்து வந்து குடியேறிவிடும், அதனால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த நடவுக்கு முன்னால் அண்டை வெட்டி, அதாவது வரப்பின் ஓரங்களைச் செதுக்கி, வரப்பை ஒல்லியாக்குங்கள். அகல வரப்புதான் அதற்கு வீடு.

பதில் 2
நாய் வருகிறது என்றால் விஷம் வேண்டவே வேண்டாம். துத்தநாக பாஸ்பைடு என்கிற எலி விஷம் நாயையும் கொல்லும், அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி அப்புறம் அந்தப் பக்கமே வராது. தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வையுங்கள், ராத்திரி ஆந்தை வந்து உட்காரும். விஷம் தின்ற எலியைப் பிடித்தால் ஆந்தைக்கும் ஆபத்து வரலாம், அதையும் யோசியுங்கள்.

பதில் 3
நான் இருப்பது நெதர்லாந்து, சொந்த ஊர் நாகப்பட்டினம். இங்கே மஸ்க்ரட் என்று ஒரு நீரெலி. வட அமெரிக்காவிலிருந்து 1905-ல் பிராக் பக்கம் கொண்டுவந்து விட்டது, பரவிப் பரவி 1941-ல் இங்கே வந்து சேர்ந்தது. வளை வாசல் தண்ணீருக்கு அடியில் இருக்கும், கரையில் நின்றால் ஒன்றும் தெரியாது, உள்ளுக்குள் குடைந்து குடைந்து ஒருநாள் கரை உள்வாங்கும். கால்பங்கு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிற நாட்டில் கரை போனால் என்ன ஆகும்? அதனால் நீர் வாரியங்களே சம்பளத்துக்கு ஆள் வைத்து, வருஷம் முழுக்கப் பொறி வைத்துப் பிடிக்கின்றன. ஒரு வாய்க்காலை விட்டாலும் அங்கிருந்து மறுபடி பெருகும். முதல் பதிலில் அண்ணன் சொன்னது அப்படியே இதற்கும் பொருந்தும்.

கேட்டவர்
நன்றி அண்ணே. கீழ்வயல்காரரிடமும் மேலண்டை வயல்காரரிடமும் பேசிவிட்டேன், நாளை சாயந்திரம் மூன்று வயலுக்கும் சேர்த்துக் கிட்டி வைக்க ஆள் வருகிறது. மட்டை இன்றைக்கே நடுகிறேன்.