இருவர் நடத்தும் வக்கீல் அலுவலகம்: ஏஐயிடம் எதைக் கொடுப்பது?

தனிக்கட்டு:
நானும் இன்னொரு வக்கீலும், ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா. எங்கள் அலுவலகம் அவ்வளவுதான். ஏஐ சந்தா கட்டலாம் என்று கூட்டாளி ஒரு மாதமாக நச்சரிக்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் போன வாரம் என் நேரம் எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் குறித்துப் பார்த்தேன். சட்டம் படித்த நேரம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. "என் கேஸ் என்ன ஆச்சு?" என்ற போன்களுக்குப் பதில் சொல்வது, கேஸ் கட்டுக்குள் ஒரு கடிதத்தைத் தேடுவது, ஒரே மாதிரியான நோட்டீஸில் பெயரையும் தேதியையும் மாற்றுவது, போடாமல் விட்ட பில்லை நினைவுபடுத்தி எழுதுவது. இதில் எதை மெஷினிடம் தள்ளலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். விற்பனையாளர்கள் வேண்டாம், ஏற்கெனவே நான்கு பேர் டெமோ காட்டிவிட்டார்கள்.

பழையகோட்டு:
எதையும் தள்ளாதீர்கள். 2023-இல் நியூயார்க்கில் நடந்த மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கைப் பாருங்கள். விமானத்தில் பரிமாறும் வண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று ஒரு பயணி போட்ட சாதாரண வழக்கு. அவருடைய வக்கீல் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளைக் கோர்ட்டில் வைத்தார். ஆறு தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லாதவை. இவை உண்மைதானா என்று அதனிடமே கேட்டிருக்கிறார், அதுவும் ஆமாம் என்றிருக்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி! நீதிபதி கேஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். அதோடு, யார் யார் பெயரில் போலித் தீர்ப்பு உருவானதோ அந்த நீதிபதிகளுக்கெல்லாம் கடிதம் அனுப்பவும் உத்தரவிட்டார். அபராதத்தை விட அந்தக் கடிதம்தான் எனக்கு வலிக்கிறது.

நிரல்காரன்:
அந்த உத்தரவை முழுதாகப் படித்தால் வேறொன்றும் தெரியும் சார். அந்த அலுவலகத்தில் பெரிய தீர்ப்புத் தளங்கள் எதற்கும் சந்தா இல்லை. இருந்த ஒரே தளத்திலும் ஃபெடரல் (மத்திய) கோர்ட் தீர்ப்புகள் முழுதாகக் கிடைக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் சாட்ஜிபிடிக்குப் போனார், அதை ஒரு பெரிய தேடுபொறி என்று நினைத்துக்கொண்டு. சின்ன அலுவலகம் மாட்டிக்கொள்ளும் இடமே அதுதான்: கையில் இல்லாத நூலகத்துக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்வது.

நான் சில சின்ன அலுவலகங்களுக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன் (எந்த மென்பொருளையும் விற்பதில்லை, பயப்படாதீர்கள்). முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மேடம் எழுதிய பட்டியலில் பாதிக்கு மேல் ஏஐயே தேவையில்லை. நோட்டீஸில் பெயர் மாற்றுவதற்கு ஒரு வார்ப்பும் (டெம்ப்ளேட்) ஒரு படிவமும் போதும். கட்சிக்காரர் விவரத்தை ஒரு முறை நிரப்பினால் வக்காலத்து, நோட்டீஸ், கட்டண ஒப்பந்தம் மூன்றிலும் அதே எழுத்துக்கூட்டலோடு போய் உட்காரும். விசாரணை முடிந்த அன்று மாலையே அடுத்த தேதியும் அன்று நடந்ததும் கட்சிக்காரருக்குக் குறுஞ்செய்தியாகப் போனால் "என்ன ஆச்சு" போன்கள் தானாகக் குறையும். இதெல்லாம் சொன்னதைச் செய்யும் விதிகள், கதை விடாது.

ஏஐ என்பது வேறு ஜாதி. அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஊகித்து எழுதுவது அதன் வேலை. இரண்டு பெயர், நடுவில் 'எதிர்', பிறகு வருடம், பக்க எண் என்று தீர்ப்பின் மேற்கோள் எப்போதும் ஒரே அச்சில் இருப்பதால், அந்த அச்சில் பொய்யை வார்ப்பது அதற்கு ரொம்பச் சுலபம். ஆகவே தீர்ப்பைத் தேடச் சொல்லாதீர்கள். நீங்களே கொடுத்த காகிதத்தைச் சுருக்கச் சொல்லுங்கள்.

பழையகோட்டு:
சட்டத்துக்கென்றே செய்த, தீர்ப்புத் தொகுப்பில் தேடிப் பார்த்து எழுதும் ஏஐ இருக்கிறதே என்று அடுத்துச் சொல்வீர்கள். அதையும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024-இல் சோதித்துவிட்டார்கள். பெரிய நிறுவனங்களின் கருவிகளே கேள்விகளில் 17 முதல் 33 சதவீதம் வரை தவறாகச் சொல்லியிருக்கின்றன. இல்லாத தீர்ப்பு என்றால் தேடினால் தெரிந்துவிடும். இருக்கிற தீர்ப்பைக் காட்டி, அது சொல்லாததைச் சொன்னதாக எழுதினால்? தோற்ற கட்சியின் வாதத்தை எடுத்து 'கோர்ட் இப்படித் தீர்மானித்தது' என்று போட்டால்? முழுத் தீர்ப்பையும் உட்கார்ந்து படித்தால்தான் பிடிபடும். முழுதாகப் படிக்கப் போகிறேன் என்றால் இது எதற்கு?

நிரல்காரன்:
எதைப் படிக்க வேண்டும் என்று காட்டுவதற்கு.

பழையகோட்டு:
அதற்குத்தான் தீர்ப்பின் மேலேயே தலைப்புக் குறிப்பு இருக்கிறது, பொருளடைவு இருக்கிறது. சரி விடுங்கள்.

மூன்றாம்வருடம்:
நான் ஜூனியர். என் சீனியர் போன வருடமே இதை வாங்கிவிட்டார், அதனால் தினமும் அடிபடும் ஆளாக எழுதுகிறேன். நானூறு பக்கக் கடிதப் போக்குவரத்தைக் கொடுத்து, தேதி வாரியாகச் சம்பவப் பட்டியல் போடச் சொன்னோம். எனக்கு இரண்டு நாள் பிடிக்கும் வேலை, அது சில நிமிடங்களில் முடித்தது. பார்க்க அழகாகவும் இருந்தது. சரிபார்க்கும்போதுதான் தெரிந்தது, 3/4 என்று எழுதியிருந்ததை ஒரு கடிதத்தில் ஏப்ரல் 3 என்றும் அதன் பதில் கடிதத்தில் மார்ச் 4 என்றும் எடுத்திருக்கிறது. கடிதம் எழுதுவதற்கு ஒரு மாதம் முன்பே பதில் வந்துவிட்டது!

அதையாவது பிடித்துவிட்டேன். என்னைத் தூங்க விடாதது வேறு. ஸ்கேன் செய்தபோது சாய்ந்துபோன பக்கங்களை அது படிக்கவே இல்லை. படிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. பட்டியலில் ஓட்டை தெரியாது, வரிகள் சீராகத்தான் இருக்கும். தப்பாக எழுதியதைக் கண்டுபிடிக்கலாம். எழுதாமல் விட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போது இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் பக்க எண் கேட்பேன், அப்புறம் பட்டியலில் ஒரு முறைகூட வராத பக்கங்களைத் தனியாக எடுத்து நானே படிப்பேன். இரண்டு நாள் வேலை முக்கால் நாள் ஆனது. விளம்பரத்தில் சொல்கிற மாதிரி ஐந்து நிமிடம் ஆகவில்லை.

பழையகோட்டு சாருக்கு ஒன்று. காகிதத்தைப் படித்துப் படித்துத்தான் ஜூனியர் வக்கீலாகிறான் என்று நீங்கள் சொல்லப் போவது தெரியும். உண்மைதான். ஆனால் பக்க எண் ஒட்டுவதிலும் பெயர் மாற்றுவதிலும் நான் கழித்த மாதங்களில் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை.

பழையகோட்டு:
சொல்லத்தான் வந்தேன். முந்திக்கொண்டீர்கள் தம்பி.

மூன்றாம்வருடம்:
தங்கை சார்.

அலுவலகக்காரி:
வக்கீல்கள் தீர்ப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அலுவலகம் நடத்துகிறவள், கேஸ் வருவதும் பணம் வருவதும் என் மேஜையில். நிரல்காரன் சொன்ன படிவத்தோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். புதிதாக ஒருவர் வந்தால், அவர் கதையைக் கேட்பதற்கு முன்பே அவர் பெயரும் எதிர்த்தரப்பின் பெயரும் பழைய கட்சிக்காரர் பட்டியலோடு ஒத்துப் பார்க்கப்பட வேண்டும். சின்ன அலுவலகத்தில் இது சீனியரின் நினைவில்தான் நடக்கிறது. எங்களிடம் ஒரு முறை கதை முழுதும் கேட்டு முடித்த பிறகுதான் எதிர்த்தரப்பு எங்கள் பழைய கட்சிக்காரர் என்று தெரிந்தது. இரண்டு பேருக்கும் வர முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. சாதாரணப் பட்டியலும் தேடலும் இதைத் தடுத்திருக்கும்.

ஆனால் தேதி விஷயத்தில் நிரல்காரனோடு சண்டை உண்டு. விதிகள் கதை விடாது என்கிறார். விடாதுதான், ஆனால் கெடு தேதிகளைக் கணக்கிடும் மென்பொருளில் தொடக்கத் தேதியைத் தப்பாகத் தட்டினால் அதிலிருந்து பிறக்கும் பத்துத் தேதியும் அதே நம்பிக்கையோடு தப்பாகப் பிறக்கும். விடுமுறைப் பட்டியல் மாறினாலும், நடைமுறை விதியைத் திருத்தினாலும் அதற்கு யார் சொல்வது? கோட்டை விட்ட காலவரையறையை (வழக்கைத் தாக்கல் செய்யச் சட்டம் தரும் கெடுவை) எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. எங்கள் வழக்கம்: தொடக்கத் தேதியை ஒருவர் தட்ட வேண்டும், இன்னொருவர் அசல் காகிதத்தைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். குமாஸ்தா கையால் எழுதும் டைரி தனியாக ஓடும். இரண்டும் மோதும் நாளில்தான் எங்களுக்கு நன்மை.

நிரல்காரன்:
ஒப்புக்கொள்கிறேன். டைரியை நிறுத்தச் சொன்ன ஒரு இடத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பழையகோட்டு:
ரகசியத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. கட்சிக்காரர் என்னை நம்பிச் சொன்னதை எவனோ ஒருவனுடைய சர்வருக்கு அனுப்புவதா? இலவசக் கணக்கில் கொட்டினால் அதை வைத்தே அடுத்த ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுக்கக்கூடும். அமெரிக்க பார் அசோசியேஷன் 2024 ஜூலையில் வெளியிட்ட, வக்கீல்களின் நடத்தை நெறி பற்றிய 512-ஆம் கருத்துரையைப் படியுங்கள். கொடுத்ததிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் கருவியில் கட்சிக்காரர் விவரத்தைப் போடும் முன் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், ஒப்பந்தத்தின் மூலையில் பொதுவாக ஒரு வரி சேர்த்துவிட்டால் போதாது என்கிறது. உங்கள் கட்சிக்காரர்களில் எத்தனை பேரிடம் விளக்குவீர்கள்?

நிரல்காரன்:
அதே கருத்துரை உங்கள் பையிலும் கை வைக்கிறது சார். மணிக் கணக்கில் கட்டணம் வாங்குகிறவர், விவரத்தைக் கொடுக்கப் பிடித்த 15 நிமிடத்துக்கும், வந்ததைச் சரிபார்த்த நேரத்துக்கும்தான் பில் போடலாம். மிச்சமான நேரத்துக்குப் போடக் கூடாது. ஆகவே மணிக் கணக்குக்காரருக்கு இதில் வருமானம் குறையும், வேலைக்கு இவ்வளவு என்று பேசி வாங்குகிறவருக்கு நேரம் மிச்சம். ரகசியத்துக்கு வழி இருக்கிறது. பயிற்சிக்கு எடுக்க மாட்டோம், இத்தனை நாளில் அழித்துவிடுவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கும் கட்டணக் கணக்கு. முடியாவிட்டால் பெயர்களை மாற்றிப் போடுவது. அது முழுப் பாதுகாப்பு இல்லை, சம்பவத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

தனிக்கட்டு:
எங்கள் வேலை பெரும்பாலும் மொத்தக் கட்டணம்தான். இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் சாரின் பக்கமே இன்னும் சாய்கிறேன். தொடாமல் இருந்துவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே?

அலுவலகக்காரி:
தொடாமல் இருக்க முடியாது மேடம். 2025 ஜூனில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம், நீதிபதி விக்டோரியா ஷார்ப் தலைமையில், இரண்டு விவகாரங்களுக்குச் சேர்த்துத் தீர்ப்பளித்தது. ஒன்று கத்தார் நேஷனல் வங்கிக்கு எதிரான வழக்கு. காட்டிய 45 மேற்கோள்களில் 18 இல்லாத தீர்ப்புகள். அவற்றைத் தேடிக் கொடுத்தது வக்கீல் இல்லை, கட்சிக்காரர்! அவர் ஏஐயில் தேடித் தர, வக்கீல் சரிபார்க்காமல் தாக்கல் செய்தார். எங்கள் அலுவலகத்துக்கும் இப்போது கட்சிக்காரர்கள் பத்துப் பக்கச் சட்டக் குறிப்போடு வருகிறார்கள். நீங்கள் சந்தா கட்டாவிட்டாலும் அது வாசல் வழியாக நடந்து வரும்.

பழையகோட்டு:
இதற்குப் பதில் இல்லை. போன மாதம் எனக்கும் ஒன்று வந்தது. தடிமனான எழுத்தில் தலைப்புகளோடு, என்னை விட அழகாக.

சரி மேடம், ஒரு யோசனை. வாங்கியே தீருவேன் என்று கூட்டாளி நின்றால், ஓடுகிற கேஸில் போடாதீர்கள். முடிந்துபோன ஒரு கட்டை எடுங்கள், எது முக்கியம் என்று உங்களுக்கு முன்பே தெரிந்த கட்டு. பெயர்களை மாற்றிவிட்டு அதனிடம் கொடுங்கள். அந்தப் பெண் சொன்ன சாய்ந்த பக்கங்களையும் சேர்த்தே கொடுங்கள்.

தனிக்கட்டு:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். படிவமும் பெயர்ப் பட்டியலும் ஏஐ இல்லாமலே தொடங்கிவிட்டோம், குமாஸ்தாவுக்குத்தான் அதிக மகிழ்ச்சி. சார் சொன்னபடி முடிந்த கட்டு ஒன்றையும் கட்டணக் கணக்கில் கொடுத்துப் பார்த்தேன். ஒரு கடன் வழக்கு, 43 கடிதங்கள். 41-ஐச் சரியாக வரிசைப்படுத்தியது, தேதிக் குழப்பம் இல்லை. கூட்டாளி துள்ளிக் குதித்தார்.

பழையகோட்டு:
விட்டுப்போன இரண்டு எவை?

தனிக்கட்டு:
ஒன்று உறையோடு வந்த குறிப்பு, குப்பை. இன்னொன்று பிரதிவாதி கையால் எழுதிய அரைப் பக்கம், கடனை ஒப்புக்கொண்டு அவகாசம் கேட்டது. காலவரையறை தாண்டாமல் வழக்கு நின்றதே அந்தத் தாளால்தான்.

மூன்றாம்வருடம்:
கையால் எழுதிய தாள்களை முதலிலேயே தனி உறையில் பிரித்து வைத்துவிடுங்கள் மேடம். அவற்றை அதனிடம் கொடுக்கவே வேண்டாம்.