சின்ன மின்சார காரில் மோட்டார் கெட்டுப்போகுமா, போகாதா?

வேளச்சேரிவாசி:
என்னுடையது சின்ன மின்சார கார். கம்பெனி பேர் வேண்டாம், நான் கேட்க வந்தது அதைப் பற்றி இல்லை. 2023 ஜூலையில் எடுத்தேன், 38,000 கி.மீ. ஓடியிருக்கு, பெரும்பாலும் வேளச்சேரி–சோழிங்கநல்லூர் ஆபீஸ் ஓட்டம். ஒரு மாசமா முன்பக்கத்தில் ஒரு உறுமல். 40-ஐத் தாண்டினால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி கேட்கிறது. சர்வீஸில் "மின்சார வண்டின்னா இப்படித்தான் சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாங்கும்போது எல்லோரும் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "மோட்டார்ல கெட்டுப்போக எதுவுமே இல்ல." அது உண்மையா?

மதுரைடாக்ஸி:
உண்மை இல்லண்ணே. சுத்துற எதுவும் தேயும். நான் நாலு வண்டி வச்சு ஓட்டுறேன், மூணு சிஎன்ஜி, ஒரு டீசல். எஞ்சின்ல சத்தம் வந்தா எங்க தெரு மெக்கானிக் காதை வச்சுக் கேட்டு "டைமிங் செயின்"னு சொல்லிருவாரு. மறுநாள் சாயங்காலம் வண்டி ஸ்டாண்டுல நிக்கும். உங்க வண்டிய யாரு தொடுவா? ஆரஞ்சு கலர் ஹை வோல்டேஜ் வயரைப் பாத்தாலே எல்லாரும் கையைக் கட்டிக்கிறாங்க. அதனாலதான் நான் இன்னும் வாங்கல.

காயில்கடை_கோவை:
தம்பி, நான் கோவையில முப்பது வருஷமா மோட்டார் வைண்டிங் கட்டுறவனுங்க. மோட்டார் எப்படிச் சாகும்னு எனக்குக் கொஞ்சம் தெரியும். கடைக்கு வர்ற பம்ப் மோட்டாரைப் பிரிச்சதுமே காயில் கதையைச் சொல்லிடும். ஸ்டார் கனெக்‌ஷன்ல ரெண்டு பேஸ் காயில் கருகி, ஒண்ணு மட்டும் புதுசு மாதிரி மின்னுச்சுன்னா, லைன்ல ஒரு பேஸ் போயும் ஓட விட்டிருக்காங்கன்னு அர்த்தம். மூணுமே ஒரே சீராக் கருகியிருந்தா, 415 வோல்ட் வரவேண்டிய எடத்துல 340 வந்திருக்கும், இல்லன்னா லோடு ஜாஸ்தி. கிணத்துல தண்ணி வத்துனப்புறமும் ஓடுனதுன்னா சீல் உருகியிருக்கும்.

இதுல ஒண்ணுகூட காருக்குக் கிடையாதுங்க. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவுல இன்வர்ட்டர் உட்கார்ந்திருக்குது. மூணு பேஸையும் அதுவே செஞ்சு, அளந்து கொடுக்குது. காயிலுக்குள்ள சூட்டை அளக்கற சென்சார் இருக்குது, சூடு ஏறுனா இன்வர்ட்டரே கரண்டைக் குறைச்சிடும். விவசாயி மோட்டாருக்கு இப்படி ஒரு காவல்காரன் இருந்திருந்தா நான் எப்பவோ கடையை மூடியிருப்பேன். மதுரைத் தம்பி சொல்றதை நான் ஒத்துக்கமாட்டேன். மோட்டார்தான் அந்த வண்டியிலயே கெட்டியான பாகம்.

நித்யா_எலக்ட்ரானிக்ஸ்:
காயில் விஷயத்தில் ஐயா சொல்வது சரி. ஆனால் அந்தக் காவல்காரனே ஒரு கெடுதலும் செய்கிறான். இன்வர்ட்டர் தருவது சீரான அலை இல்லை, நொடிக்குப் பல ஆயிரம் தடவை ஆன்-ஆஃப் ஆகிற துண்டு மின்னழுத்தம். அதனால் ஷாஃப்ட்டில் ஒரு மின்னழுத்தம் சேர்கிறது, அது வெளியேற பேரிங் வழியாகத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலும் பேரிங் பாதையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழியைப் போடும். நாளாக ஆக, துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியாக விழுந்துவிடும். அப்போது வருகிற சத்தம் உறுமல்தான். இதைத் தடுக்க ஷாஃப்ட்டை எர்த் செய்கிற வளையமோ செராமிக் குண்டு வைத்த பேரிங்கோ போடுவார்கள். அதனால் "எதுவுமே கெடாது" என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று. மின்சார வண்டியில் மோட்டாரைவிட அதைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரானிக்ஸ்தான் முதலில் தகராறு செய்யும். 2024-ல் ஹூண்டாய் அயோனிக் 5 திரும்ப அழைக்கப்பட்டது மோட்டாருக்காக இல்லை, 12 வோல்ட் பேட்டரியையும் சார்ஜ் செய்யும் கன்ட்ரோல் யூனிட்டுக்காக.

மதுரைடாக்ஸி:
அது பெரிய வண்டி மேடம், இங்க பேசுறது சின்ன வண்டி. ஆனா நீங்க சொன்னது என் கட்சிக்குத்தான் பலம். மோட்டாரோ, பேரிங்கோ, டப்பாவோ, எது போனாலும் வண்டி நிக்குது. வாடிக்கையாளருக்கு எது போச்சுங்கிறதா முக்கியம்?

காயில்கடை_கோவை:
முக்கியமுங்க! எது போச்சுன்னு தெரியாம மொத்த யூனிட்டையும் மாத்துனா, 500 ரூபா வேலைக்கு லட்ச ரூபா பில் வரும்.

பேரிங் சங்கதியில மேடத்தை மறுக்கல. எங்க ரெண்டு போல் (ரெண்டு காந்த முனை) பம்ப் மோட்டார் நிமிஷத்துக்கு 2,880 சுத்துதான். கார் மோட்டார் ஹைவேயில பத்தாயிரத்தை நெருங்கும். ஆனா ஊருக்குள்ள 40-ல போறப்ப மூவாயிரத்துச் சொச்சம்தான் சுத்தும், எங்க பம்ப் அளவுதான். அது வருஷக்கணக்கா ராத்திரி பகலா ஓடுது.

வேளச்சேரித் தம்பி, சண்டையை நாங்க போட்டுக்கறோம், நீங்க ரெண்டு சோதனை பண்ணுங்க. காலி ரோட்ல 50-ல போய் ஸ்டியரிங்கை மெதுவா இடதும் வலதுமா வளைச்சுப் பாருங்க. சத்தம் கூடிக் குறைஞ்சா சக்கரத்து ஹப் பேரிங். வலது பக்கம் திரும்பறப்ப கூடுனா இடது சக்கரம், ஏன்னா பாரம் அங்க போகும். சத்தம் மாறலன்னா, அதே வேகத்துல நியூட்ரல் போடுங்க. இந்த வண்டியில நியூட்ரல் போட்டாலும் மோட்டார் சக்கரத்தோட சேர்ந்து சுத்திட்டேதான் இருக்கும், கரண்ட் மட்டும் நிக்கும். சத்தம் நின்னா கரண்டாலயோ கியர் பல்லு லோடாலயோ வர்றது. நிக்கலன்னா சுத்தறதால வர்றது, பேரிங்கா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

வேளச்சேரிவாசி:
ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ரேடியல் ரோட்டில் செய்து பார்த்தேன். ஸ்டியரிங்கை வளைத்தால் மாற்றமே இல்லை. நியூட்ரலில் போட்டேன், உறுமல் அப்படியே இருந்தது. மூன்று தடவை செய்தேன். போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கார் வீட்டு வாசலில் பாதிச் சக்கரம் வரை தண்ணீரில் நின்றது, ஒன்றரை நாள். மறுவருஷம் அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் எல்லோரும் மேம்பாலத்தில் நிறுத்தினார்களே, நானும் போய் நிறுத்தினேன், அந்த அனுபவத்தால்தான். வெள்ளத்துக்குப் பிறகு சர்வீஸில் பேட்டரியைச் சோதித்து "ஐபி67 சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள்.

நித்யா_எலக்ட்ரானிக்ஸ்:
இதைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனை. ஒன்றரை நாளுக்கு அது வாக்குறுதி இல்லை. அதோடு சோதனைக்கூடத் தண்ணீர் வேறு, வேளச்சேரித் தெருத் தண்ணீர் வேறு. ஓடி வந்த சூட்டோடு கார் குளிர்ந்த தண்ணீரில் நின்றால், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் காற்று சுருங்கும். அந்த இழுப்பில் சீல் விளிம்பு வழியாகவோ காற்றுத் துவாரம் வழியாகவோ கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகலாம்.

காயில்கடை_கோவை:
கியர் ஆயிலைப் பார்த்தாங்களா தம்பி? தண்ணி கலந்திருந்தா பால் காபி கலர்ல இருக்கும். ட்ரெயின் போல்ட்டைக் கழட்டி ரெண்டு சொட்டு பார்த்திருந்தாப் போதும்.

வேளச்சேரிவாசி:
இல்லை ஐயா. இதில் கியர் ஆயில் இருக்கிறது என்பதே எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

மதுரைடாக்ஸி:
பாத்தீங்களா? "எதுவுமே இல்ல"ன்னு சொல்லி வித்ததோட பலன் இது. இருக்குன்னு தெரிஞ்சாத்தானே மனுசன் பாப்பான்? என் டிரைவருக்கு எஞ்சின் ஆயில் எத்தனை கிலோமீட்டர்ல மாத்தணும்னு மனப்பாடம்.

காயில்கடை_கோவை:
இது நியாயமான பேச்சு, ஒத்துக்கறேன்.

ஆனா ஒண்ணு சொல்லணுங்க. பழுது பார்க்க முடியாத மாதிரி மோட்டார் பொறந்து வரல, அப்படிப் பண்ணி வச்சிருக்காங்க. 2001-ல பெங்களூர்ல ரேவா மின்சார கார் வந்தப்ப டிசி மோட்டார், கார்பன் பிரஷ் தேயும், மாத்திக்கலாம். அடுத்து வந்த ரேவா-ஐ, மஹிந்திரா இ2ஓ ரெண்டும் ஏசி இண்டக்‌ஷன். எங்க கடையில ஓரமாக் கெடக்கற மோட்டாருக்குச் சொந்தக்காரன்தான் அது. உள்ள சுத்தற ரோட்டர்ல காந்தம் கிடையாது, கையால உருவி எடுத்துடலாம். இப்ப டாடா டியாகோ இவி மாதிரி வண்டிகள்ல நிரந்தரக் காந்த மோட்டார். அதே சைஸுக்கு ஜாஸ்தி இழுவை, பேட்டரியும் மிச்சம், நல்லதுதான். ஆனா ரோட்டரை உருவப் போனா வெளிய சுத்தாம நிக்கற ஸ்டேட்டரைப் பிடிச்சு இழுக்கும், விரல் நடுவுல மாட்டுனா நசுங்கிடும். அதுக்குன்னு ஜிக், அதாவது நேராப் பிடிச்சு உருவற சட்டம், வேணும். ஜிக் என்ன பெரிய ராக்கெட்டா? கம்பெனி அளவுப் படம் கொடுத்தா நம்ம கோவை கணபதி ஏரியா லேத்துக்காரங்க வாரத்துல செஞ்சு கொடுப்பாங்க. படந்தான் வரமாட்டேங்குது.

நித்யா_எலக்ட்ரானிக்ஸ்:
காந்தம் பற்றிப் பேசும்போது இதையும் சேர்க்க வேண்டும். சூட்டில் காந்தம் பலம் இழக்காமல் இருக்க டிஸ்ப்ரோசியம் என்ற அரிய உலோகத்தைச் சேர்க்கிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் நாட்டு வண்டிக் கம்பெனிகளே கையைப் பிசைந்தன. அதனால் காந்தம் இல்லாத மோட்டார்கள் பற்றி மறுபடியும் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஐயா போன்றவர்களுக்கு அது நல்ல செய்தி.

வேளச்சேரி சார், பதிவை எடுத்துக்கொண்டு போங்கள். "சத்தம்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். நியூட்ரலிலும் நிற்கவில்லை என்பதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நின்றதையும் மறைக்க வேண்டாம்.

வேளச்சேரிவாசி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இந்தத் தடவை சர்வீஸில் ஒரு சின்னப் பையன், புது டெக்னீஷியன், காரை லிஃப்டில் ஏற்றி, நீளமான ஸ்க்ரூ டிரைவரை கியர்பாக்ஸ் உடம்பில் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னான். என்னையும் கேட்கச் சொன்னான். மணலை அரைக்கிற மாதிரி கரகரவென்று இருந்தது. அவன் உடனே போய் மேனேஜரைக் கூட்டி வந்தான்.

மோட்டாரும் கியர்பாக்ஸும் ஒரே யூனிட்டாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், வாரண்டியில். பணம் கேட்கவில்லை. 19 நாள் ஆனது. இப்போது சத்தமே இல்லை.

மதுரைடாக்ஸி:
சந்தோசம்ணே. அந்தப் பையன் நல்லா வருவான். ஆனா 19 நாள் ஒரு டாக்ஸி நின்னா ஒரு மாச டியூவே போச்சு. டியாகோ இவி 2022-ல வந்தப்ப மோட்டார், பேட்டரி ரெண்டுக்கும் 8 வருசம், 1,60,000 கி.மீ. வாரண்டின்னு சொன்னாங்க. என் வண்டி மூணு வருசத்துல அதைத் தாண்டிரும். நாலாவது வருசம் இதே கரகர வந்தா நான் எங்க போவேன்? கோவைக்காரரு கடைக்கா?

காயில்கடை_கோவை:
வாங்க தம்பி, கதவு தொறந்துதான் இருக்கும். பேரிங் மாத்தித் தர எனக்குத் தெரியாதா? உள்ள என்ன நம்பர் பேரிங், எத்தனை இறுக்கம், மறுபடி பூட்டறப்ப, ரோட்டர் எந்தக் கோணத்துல நிக்குதுன்னு சொல்ற சென்சாரை எந்த எடத்துல வைக்கணும், அது தெரியணும். அந்த சென்சார் ஒரு டிகிரி ரெண்டு டிகிரி தள்ளிப் போனாலும் இழுவை கெட்டுடும்னு கேள்வி. சரிதானுங்களா மேடம்?

நித்யா_எலக்ட்ரானிக்ஸ்:
கொஞ்சம் தள்ளினால் இழுவை குறையும், சூடு கூடும். அதிகம் தள்ளினால் வண்டி நகரவே நகராது. மாட்டிய பிறகு அந்தக் கோணத்தை மென்பொருளில் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கருவி கம்பெனியிடம்தான் இருக்கிறது. நீங்கள் ஒன்றைப் பிரித்தால் அந்தப் பகுதிக்கு நான் உதவுகிறேன் ஐயா, கோவைக்கே வருகிறேன்.

காயில்கடை_கோவை:
வேளச்சேரித் தம்பி, பழைய யூனிட் என்னாச்சு?

வேளச்சேரிவாசி:
வாரண்டி மாற்று என்பதால் கம்பெனி எடுத்துக்கொண்டது. கேட்டுப் பார்த்தேன், தரவில்லை. ஜாப் கார்டில் "சத்தம், யூனிட் மாற்றப்பட்டது" என்று மட்டும்தான் இருக்கிறது. வெள்ளமா, மேடம் சொன்ன மின்சாரத் தாவலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

காயில்கடை_கோவை:
அந்த ஒரு பேரிங் கையில கிடைச்சிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பனுங்க. தண்ணின்னா, வண்டி நின்ன எடத்துல குண்டுக்கு ஒரு துருப் புள்ளி, சம இடைவெளியில இருக்கும். கரண்ட்னா பாதை பூரா வரிவரியா இருக்கும். இதைப் படிக்கிறவங்க யாருகிட்டயாவது விபத்துல போன, வாரண்டி முடிஞ்ச சின்ன மின்சார வண்டியோட மோட்டார் இருந்தா சொல்லுங்க. எடைக்குப் போடாதீங்க. எடைக்கு என்ன விலையோ அதை நானே தர்றேன், லாரி வாடகையும் என்னது.

மதுரைடாக்ஸி:
மாட்டுத்தாவணிப் பக்கம் பழைய இரும்புக் கடை ஒண்ணுல போன மாசம் ஒரு வெள்ளைக் கார் நின்னுச்சு, முன்பக்கம் அடிபட்டது. பம்பருக்குக் கீழ ஆரஞ்சு வயர் தொங்குன ஞாபகம். நாளைக்குக் காலையில போய்ப் பாத்துட்டு போட்டோ போடுறேன்.

நித்யா_எலக்ட்ரானிக்ஸ்:
பாருங்கள், ஆனால் வயரைத் தொடாதீர்கள். பேட்டரி இன்னும் உள்ளே இருக்கிறதா என்று முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள்.