486 கணினியில் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை: 504 எம்பிக்கு மேல் தெரியவில்லை

கேள்வி:
என்னிடமுள்ள 486 (பழைய செயலி வகை) கணினியின் வன்தட்டு கரகரவென்று ஒலித்து நின்றுவிட்டதால், 4 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையை 40 முனை ஐடிஇ (வன்தட்டை இணைக்கும் பழைய முறை) அடாப்டர் வழியாக இணைத்தேன். பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை நிரல்) அட்டையை அடையாளம் காண்கிறது. ஆனால் 504 எம்பி மட்டுமே காட்டுகிறது. டாஸ் 6.22 இயங்குதளத்தை நிறுவிய பிறகும் திரையில் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருக்கிறது. பிழை அடாப்டரிலா, அட்டையிலா?

பதில் 1:
இரண்டிலும் இருக்காது. காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையே ஐடிஇ முறையில் இயங்கக்கூடியது என்பதால் அந்த அடாப்டர் பெரும்பாலும் வெறும் கம்பி இணைப்புதான். கெடுவதற்கு அதில் அதிகம் ஒன்றுமில்லை. வன்தட்டில் இடத்தைக் குறிக்கும் எண்களான 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கிப் பாருங்கள், பழைய பயாஸின் எல்லையான 504 எம்பி அப்படியே வந்துவிடும். எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்ற இலவச நிரலை ஈப்ராமில் (நிரலை எழுதி வைக்கும் நினைவகச் சில்லு) எழுதி, அதைப் பொருத்தும் பூட் ரோம் சாக்கெட் உள்ள நெட்வொர்க் கார்டில் செருகினால் இந்த எல்லையைக் கடக்கலாம். ஆனாலும் டாஸ் 6.22 ஒரு பார்ட்டிஷனுக்கு (பிரித்த ஒரு பகுதிக்கு) 2 ஜிபிக்கு மேல் ஏற்காது என்பதால் அட்டையை இரண்டாகவேனும் பிரிக்க வேண்டியிருக்கும்.

பதில் 2:
கர்சர் மின்னுவது வேறு கதை. அட்டையின் முதல் செக்டரில் துவக்க நிரல் இல்லாதிருக்கலாம்; ஃபிளாப்பியிலிருந்து துவக்கி, டாஸின் எஃப்டிஸ்க் கட்டளையை, அந்தத் துவக்க நிரலை மீண்டும் எழுதும் /எம்பிஆர் என்ற குறியுடன் இட்டு, பார்ட்டிஷன் ஆக்டிவாக (துவக்கத்துக்கு உரியதாகக் குறிக்கப்பட்டு) உள்ளதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்:
எம்பிஆர் கட்டளைக்குப் பின் டாஸ் துவங்கிவிட்டது. ஈப்ராம் கிடைக்கும்வரை 504 எம்பியே போதும்.