உச்சி காய்ந்த மரம்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

சித்தி: பின்பக்கத்துப் பெரிய மரத்தின் படம் போட்டிருக்கிறேன், எல்லோரும் பாருங்கள். உச்சிக் கிளைகள் மொட்டையாகிவிட்டன. வறட்சி முடிந்து மழை பெய்து மண்ணும் நனைந்துவிட்டது, நானும் தினமும் தண்ணீர் விடுகிறேன். மேலே ஒரு துளிர்கூட இல்லை.

சித்தப்பா: பட்டுப்போய்விட்டது. ஆள் வைத்து வெட்டிவிடலாம்.

கவிதா: அவசரப்படாதீர்கள் சித்தப்பா. சித்தி, கீழ்க்கிளைகளில் இலை இருக்கிறதா?

சித்தி: இருக்கிறது மா. சிறுத்திருக்கிறது, ஆனால் பச்சைதான்.

கவிதா: அப்படியென்றால் மரம் உயிரோடு இருக்கிறது. உச்சிக்குப் போகும் குழாய்கள்தான் அடைபட்டிருக்க வேண்டும்.

அருண்: வேர் தண்ணீரை மேலே தள்ளும்தானே அக்கா?

கவிதா: பெரும்பாலும் இலைதான் இழுக்கிறது தம்பி. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகப் போகப் போக, கட்டைக்குள் இருக்கும் நுண்குழாய்களில் தண்ணீர் ஒரே தொடராக மேலே ஏறுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்வதால்தான் இது முடிகிறது. டிக்சன், ஜோலி என்ற இரு விஞ்ஞானிகள் 1894-இல் முன்வைத்த விளக்கம் இது.

அருண்: கிணற்றுக்கு மேலே வைத்த மோட்டார் 10 மீட்டருக்குக் கீழிருந்து உறிஞ்சாதே. மரம் மட்டும் எப்படி?

கவிதா: நல்ல கேள்வி. மோட்டார் உறிஞ்சும்போது காற்றழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது, அதனால்தான் அந்த எல்லை. மரத்தில் தண்ணீரே இழுவிசையில் நிற்கிறது. சாதாரண நாளிலேயே இலையில் அந்த இழுவிசை காற்றழுத்தத்தைப் போல 10, 20 மடங்கு இருக்கும். அதனால்தான் 115 மீட்டர் உயர ரெட்வுட் மரத்தின் நுனிக்கும் தண்ணீர் போகிறது.

சித்தப்பா: சரி, இதற்கும் வறட்சிக்கும் என்ன சம்பந்தம்?

கவிதா: மண் காயக் காய, மிச்சமுள்ள ஈரத்தை மண் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேலே வெயில் இழுத்துக்கொண்டே இருக்கும். கிணற்றுக் கயிற்றில் பாரம் கூடிக்கொண்டே போவது மாதிரி. ஒரு கட்டத்தில் பக்கத்துக் குழாயில் இருக்கும் காற்று, இடையிலுள்ள மெல்லிய சவ்வைத் தாண்டி உள்ளே இழுபடுகிறது. குமிழி விரிந்து குழாய் முழுவதும் பரவிவிடும். கயிறு அறுந்தது போலத்தான், அந்தக் குழாயில் அப்புறம் தண்ணீர் ஏறாது.

சித்தி: உச்சியில் மட்டும் ஏன்?

கவிதா: வேரிலிருந்து தூரம் கூடக் கூட இழுவிசையும் கூடும். உயரத்துக்காக மட்டுமே 10 மீட்டருக்கு ஒரு காற்றழுத்தம் அளவு சேரும், வழியில் உள்ள உராய்வு தனி. அதனால் பல மரங்களில் நுனிதான் முதலில் போகிறது. மரம் சும்மா இருப்பதில்லை, முதலில் இலைத்துளைகளை மூடும். ஆனால் மூடினால் கரியமிலவாயு உள்ளே வராது, உணவு தயாராகாது. இன்னும் முற்றினால் பல மரங்கள் இலையையே உதிர்த்துவிடும். இலை போனாலும் கிளையும் தண்டும் மிஞ்சட்டும் என்பதுபோல.

அருண்: மழைக்காட்டு மரங்களுக்கு இந்தக் கவலை இருக்காதுதானே?

கவிதா: அப்படித்தான் நானும் எதிர்பார்த்தேன். எவ்வளவு இழுவிசையில் குழாய்கள் அடைபடும் என்று 81 இடங்களில் 226 மர இனங்களில் எடுத்த அளவுகளை 2012-இல் ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். சுமார் 70 சதவீத இனங்கள் அந்த ஆபத்தான எல்லையை ஒட்டியேதான் வாழ்கின்றன. ஈரக்காடு, வறண்ட காடு என்ற வேறுபாடே பெரிதாக இல்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

சித்தப்பா: குழாய் அடைபட்டுவிட்டது என்றால் தண்ணீர் விட்டு என்ன பயன்?

கவிதா: அடைபட்ட குழாய் மறுபடி நிரம்புவது உயரமான மரங்களில் அரிது. மரம் புதுக் கட்டை வளர்த்துப் புதுக் குழாய்களை உண்டாக்க வேண்டும். கடும் வறட்சிக்குப் பிறகு 1 முதல் 4 ஆண்டு வரை வளர்ச்சி மந்தமாக இருப்பதைக் காடுகளில் கண்டிருக்கிறார்கள். அதுவரை மிச்சக் குழாய்களை நாம் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும்.

சித்தி: எப்படி விடட்டும், சொல்.

கவிதா: தினமும் கொஞ்சம் தெளிப்பதை விட்டுவிடுங்கள். இடைவெளி விட்டு, மெதுவாக, ஆழமாக இறங்கும்படி விடுங்கள். அடிமரத்தை ஒட்டி வேண்டாம், கிளைகள் விரிந்திருக்கும் ஓரத்துக்குக் கீழே. சருகைக் கூட்டி எறியாமல் மண்மேல் பரப்புங்கள். உரம் இப்போது வேண்டவே வேண்டாம். புது இலை கூடினால் இழுப்பும் கூடும்.

சித்தப்பா: காய்ந்த கிளை தலையில் விழுந்தால்?

கவிதா: நியாயம்தான் சித்தப்பா. பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் தொட வேண்டாம். முறிகிற மாதிரி காய்ந்திருப்பதை மட்டும் எடுக்கட்டும்.

சித்தப்பா: சரி, அப்படியே சொல்கிறேன்.

அருண்: அக்கா, குழாய்க்குள் அந்த நீர்த்தொடர் அறுபடும்போது சத்தம் கேட்குமா?

கவிதா: வெறும் காதுக்குக் கேட்காது, கருவி வைத்தால் கேட்கும். மில்பர்ன், ஜான்சன் என்ற இருவர் 1966-இல் வாடும் ஆமணக்கு இலையின் காம்பில் அந்த ‘டிக் டிக்’கைப் பதிவு செய்தார்கள். இப்போது மரத்தண்டில் மீயொலி உணரியை, அதாவது காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் கருவியைப் பொருத்தி, இலை வாடுவதற்கு முன்பே நீர்த்தொடர் அறுபடுவதைப் பிடித்துவிட முடிகிறது.