அப்டேட்: போலீஸ் வேலைக்கு ஓடற பசங்க கணக்கை ஷீட்டுல ஏத்துனது

போன மாசம் கேட்டிருந்தேனுங்க, பெருந்துறைப் பக்கம் எங்கூர் கிரவுண்டுல காவலர் தேர்வுக்கு ஓடற பசங்களோட டைமையும் மாடல் டெஸ்ட் மார்க்கையும் நோட்டுல எழுதி வெச்சா குழப்பமாவுது, கம்ப்யூட்டர்ல எப்படிப் பண்றதுன்னு. நெறையப் பேரு சொன்னபடி கூகுள் ஷீட்லயே ஆரம்பிச்சுட்டோம்.

1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கோணும், எங்க கிரவுண்டு ஒரு ரவுண்டு 200 மீட்டர், ஆக ஏழரை ரவுண்டு, ஒவ்வொரு ரவுண்டும் 56 செகண்டுக்குள்ள வரோணும். முன்னெல்லாம் மொத்த டைம் மட்டும்தான் குறிப்போம். இப்ப ரவுண்டு ரவுண்டா ஏத்துனதுல ஒரு தம்பி மொத ரவுண்டு 42 செகண்டு, அஞ்சாவது 68! கெட்டிக்காரப் பையன், தம் இல்லைனு நெனச்சுட்டே இருந்தோம், ஆனா எடுத்த எடுப்புல பறந்துதான் மூச்சு வாங்கியிருக்கறான். "கண்ணு, மொத ரவுண்டே 54ல போ"ன்னு பக்கத்துல ஓடி ஓடி சொல்லி, நேத்து 6 நிமிஷம் 48 செகண்டுல முடிச்சான், எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க.

எழுத்துத் தேர்வுக்கும் இதேதான். தமிழ் தகுதித் தேர்வுல 80க்கு 32 வாங்கலைனா மெயின் பேப்பரைத் திருத்தவே மாட்டாங்க, அதனால அதுக்கு ஷீட்டுல தனி காலம் (column) போட்டிருக்கறோம். தப்பான கேள்வியைத் தலைப்பு வாரியா போட்டா, எல்லாருமே இலக்கணத்துலதான் விடறாங்க. ஞாயித்துக்கிழமை அதுக்குன்னே ரெண்டு மணி நேரம் ஒதுக்கியாச்சு.

வட்டத்தைக் கருப்பாக்கி விடை குறிக்கற ஓஎம்ஆர் தாளை போன் கேமராவுல திருத்தறது மட்டும் இன்னும் சரியா வரலீங்க, வெளிச்சம் கம்மியானா தப்பாப் படிக்குது, கையிலதான் திருத்தறோம்.