காற்றாலை சுற்றுவது படத்தில் தெரிய என்ன ஃபில்டர் வாங்கலாம்?

வணக்கம் அண்ணாச்சிமாரே, அக்காமாரே. பணகுடிப் பக்கம் காற்றாலைகளைப் படம் எடுக்கிறேன். 1/500 விநாடியில் இறக்கை அப்படியே உறைந்து, காற்றே இல்லாத ஊர் மாதிரி இருக்கிறது. ஆடி மாசத்துப் பணகுடிக்கு இது அநியாயம்! இறக்கை கொஞ்சம் இழுபட வேண்டும், ஆனால் மூன்றும் தனித்தனியாகத் தெரியவும் வேண்டும்.

உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப் 16 வைத்தால் 1/100 விநாடி வருகிறது. துவாரத்தை இன்னும் சுருக்கி எஃப் 22 போனால் படம் மழுங்குகிறது. சரி, லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர்தான் வழி. ஒரு ஸ்டாப்புக்கு ஒளி பாதியாகும், நேரம் இரட்டிப்பாகும்; அப்படி 3 ஸ்டாப் என்றால் ஏறக்குறைய 1/12 விநாடி. 6 ஸ்டாப் என்றால் 2/3 விநாடி. ஒரு சுற்றுக்கு 4 விநாடி எடுக்கும் காற்றாலையில் அதற்குள் இறக்கை 60 டிகிரி போய்விடும். இரண்டில் எதை வாங்க? ஸ்டாப்பைக் கூட்டிக் குறைக்கும் வகை வாங்கலாம் என்றால், வைட் லென்ஸில் வானத்தில் கறுப்புப் பட்டை விழும் என்கிறார்கள்.

அப்புறம் டிரைபாட். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், இது எம்மாத்திரம்! நடுவில் பையைத் தொங்கவிட்டால் அதுவே ஊஞ்சல் ஆடுகிறது. காற்றில் எடுத்துப் பழகியவர்கள் எப்படி நிறுத்துகிறீர்கள்? படத்தோடு செட்டிங்கும் போட்டால் ரொம்ப உதவியாக இருக்கும்.